கயிற்றுக்குள் ஒரு கடிகாரம்

பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதில் கடினமான வேலை மருந்து செய்வதுதான் என்றே பலரும் நினைப்பார்கள். அப்படியில்லை. மருந்து கைக்கு வந்து பல நூற்றாண்டு ஆன பிறகும் ஒரு சிக்கல் மட்டும் தீராமலே கிடந்தது. பற்றவைத்தவன் தப்பி ஓடி முடிக்கும்வரை அது வெடிக்கக் கூடாது. ஓடி முடித்த பிறகு வெடிக்காமலும் இருக்கக் கூடாது. நடுவில் வேண்டியது ஒன்றிரண்டு நிமிடம். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை நம்பும்படியாகச் செய்துகொடுக்க 1831 வரை ஆயிற்று.

ஐரோப்பியச் சுரங்கங்களில் வெடிமருந்து நுழைந்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1627 பிப்ரவரி 8ஆம் தேதிக்குரியது. ஷெம்னிட்ஸ் என்ற ஊரின் சுரங்கத்தில் காஸ்பர் வைண்டல் என்பவர் அன்று பாறையை வெடிவைத்துப் பிளந்தார். அந்த ஊர் இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் இந்த வித்தை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலுக்கும் போய்ச் சேர்ந்தது. வெள்ளீயமும் செம்பும் எடுக்கிற ஊர்கள் அவை. உளியும் சம்மட்டியும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மல்லுக்கட்டினாலும் நகராத கருங்கல், ஒரு கை மருந்துக்கு நொறுங்கியது. விலையைச் சுரங்கக்காரர்கள் கண்ணாலும் விரலாலும் கொடுத்தார்கள்.

எப்படி என்று பார்த்தால்தான் பின்னால் வந்த கண்டுபிடிப்பின் அருமை விளங்கும். பாறையில் முழ நீளத்துக்குத் துளை போடுவார்கள். அடியில் கருமருந்து. மருந்துக்குள் முனை புதையும்படி நீளமான ஊசி ஒன்றை நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தைக் களிமண்ணும் கல்தூளும் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். இறுக்கினால்தான் வெடிப்பின் வேகம் வாய் வழியே வீணாகாமல் பாறைமேல் திரும்பும். பிறகு ஊசியை மெல்ல உருவுவார்கள். மருந்துவரை மெல்லிய ஓட்டை ஒன்று மிஞ்சும். அந்த ஓட்டைக்குள் தூள் மருந்து அடைத்த கோரைத்தண்டையோ, ஒன்றுக்குள் ஒன்று செருகிய வாத்து இறகுக் காம்புகளையோ இறக்கி, வெளிநுனியில் மெழுகோ கொழுப்போ தோய்த்த காகிதத்தைச் செருகி, அதில் தீயை வைத்துவிட்டு ஓடுவார்கள்.

இதில் எத்தனை இடத்தில் சாவு உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இரும்பு ஊசியை உருவும்போது கல்லில் உரசினால் பொறி. அந்தப் பொறிக்கு நேர் கீழே மருந்து. செம்பு ஊசி வந்த பிறகு இந்த ஆபத்து குறைந்தது, ஆனால் செம்பு வளைந்துவிடும் என்று இரும்பையே பிடித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அடுத்தது காம்பு. அதற்குள் மருந்து ஒரே சீராக நிற்காது. ஓரிடத்தில் அடைசலாக இருக்கும், ஓரிடத்தில் இடைவெளி விழுந்திருக்கும், சுரங்கத்தில் சொட்டுகிற தண்ணீர் பட்டு ஓரிடம் நமுத்திருக்கும். இடைவெளியில் தீ பாய்ந்துவிடும். ஓட நினைத்தவன் முதல் அடி எடுத்து வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நமுத்த இடத்தில் தீ உறங்கும். பாய்வதைவிட உறங்குவது மோசம். காத்திருந்து பார்த்து, அணைந்துபோயிற்று என்று முடிவுகட்டி, ஒருவன் திரும்பிப்போய்த் துளைக்குமேல் குனியும்போது அது விழித்துக்கொள்ளும்.

மருந்தின் வலுவைக் கூட்டியோ குறைத்தோ இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. கொன்றது மருந்தின் வலு இல்லை, அதன் நேரங்கெட்டத்தனம்.

கேம்போர்ன் ஊருக்குப் பக்கத்தில் டக்கிங்மில் என்ற இடத்தில் வில்லியம் பிக்ஃபோர்டு என்றொரு தோல் வியாபாரி இருந்தார். 1774இல் பிறந்தவர், வெஸ்லியின் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். சுரங்கத்துக்கும் அவருக்கும் தொழில் உறவு எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரு கண் போனவனையும் கை போனவனையும் தெருவில் பார்க்காமல் இருக்க முடியாது. மனசு பொறுக்காமல் வேலையில் இறங்கினார். முதலில் அவர் செய்து பார்த்தது மருந்தை மொத்தமாகத் தோல்தாளில் பொட்டலம் கட்டி, அதிலேயே சிறு குழாய் ஒன்றைப் பொருத்துவது. எடுபடவில்லை. குழாய்க்குள் மருந்து சீராக நிற்காத பழைய நோய் அங்கேயும் தொற்றிக்கொண்டது.

விடை கிடைத்தது ஒரு கயிற்றுக்காரரிடம். பிக்ஃபோர்டின் நண்பர் ஜேம்ஸ் பிரே கயிறு திரிப்பவர். அவருடைய கயிற்றுக் களத்துக்குப் போன பிக்ஃபோர்டு, இடுப்பில் நாரைச் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தபடியே அவர் நூல் விடுவதையும், பல நூல்கள் ஓரிடத்தில் கூடி முறுக்கேறி ஒரே கயிறாக மாறுவதையும் பார்த்தார். நம் ஊர்களில் தென்னை நாரில் கயிறு திரிக்கிறவர்களும் இப்படியே பின்னோக்கித்தான் நடப்பார்கள். நூல்கள் கூடுகிற அந்த இடத்தில், நடுவில், கண நேரம் ஒரு பள்ளம் இருக்கிறது. நாலாபக்கமிருந்தும் வருகிற நூல்கள் அதை உடனே மூடிவிடுகின்றன. மூடுவதற்கு முன் அந்தப் பள்ளத்தில் மருந்தைச் சன்னமாக ஒழுகவிட்டால்?

குழாயை முதலில் செய்துகொண்டு அதற்குள் மருந்தை அடைப்பதாகத்தான் அதுவரை எல்லோரும் யோசித்தார்கள். பிக்ஃபோர்டு அதைத் தலைகீழாக்கினார். மருந்து முதலில் விழும். அதைச் சுற்றிக் குழாய் அப்போதைக்கப்போது பின்னப்படும். அடைக்கிற வேலையே இல்லை என்பதால் அடைப்பதில் வருகிற கோளாறும் இல்லை.

யோசனை தோல் வியாபாரியுடையது; அதை இயந்திரமாக்க மருமகன் ஜார்ஜ் ஸ்மித்தும், தாமஸ் டேவி என்ற சுரங்கத் தொழிலாளியும் கூட நின்றார்கள். இந்த மூவரில் ஒருவரும் பட்டம் பெற்ற பொறியாளர் இல்லை. வீட்டுப் பட்டறை மூளைகளில் விளைந்த இயந்திரம் அது. 1831 செப்டம்பர் 6ஆம் தேதி, 6159ஆம் எண்ணில் இந்தக் கயிற்றுத் திரிக்குக் காப்புரிமை பதிவாயிற்று. அதே ஆண்டு டக்கிங்மில்லில் ஆலையும் தொடங்கியது. முதல் ஆண்டில் அங்கே உற்பத்தியான திரி 45 மைல். நூறு ஆண்டு கழித்து ஆண்டுக்கு ஒரு லட்சம் மைலைத் தாண்டியது. பிக்ஃபோர்டு அதில் சிறு பங்கைக்கூடப் பார்க்கவில்லை, 1834இலேயே இறந்துபோனார்.

அந்த இயந்திரம் செய்த வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நூற்கண்டுகள் சுற்றுகிற சாதாரணக் கயிற்று இயந்திரம்தான். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இயற்பியல்கள் அதற்குள் கைகோத்திருக்கின்றன.

முதலாவது முறுக்கு. இரண்டு மூன்று முழ நீளமுள்ள நார்கள் சேர்ந்து நூறு முழக் கயிறாகிப் பாரம் தாங்குவது எப்படி என்ற கேள்வியைக் கலிலியோ 1638இல் வெளியான தம் கடைசி நூலிலேயே எழுப்பியிருக்கிறார். முறுக்கும்போது நார்கள் ஒன்றையொன்று நெரித்துப் பிடித்துக்கொள்கின்றன என்பதே அவர் கண்ட விடையின் சாரம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருகுபோல வளைந்து போகிற நார் எதையும் இழுத்துப் பாருங்கள். அது நேராக முயலும், நேராக முடியாததால் உள்பக்கமாக அழுத்தும். ஆக, இழுவிசையில் இருக்கிற கயிறு எப்போதும் தன் நடுவை நெரித்துக்கொண்டே இருக்கிறது. வெறும் கயிற்றில் அந்த நெரிப்பு இன்னொரு நார்மேல் விழும். பிக்ஃபோர்டின் கயிற்றில் அது மருந்துமேல் விழுந்தது. கையால் எத்தனை கவனமாக இடித்தாலும் வராத சீரான இறுக்கத்தை, அங்குலம் அங்குலமாக, நூலின் இழுவிசை தானே கொடுத்துவிட்டது.

முறுக்கியதை அப்படியே விட்டால் அவிழ்ந்துகொள்ளும். கயிற்றுக்காரர்களுக்கு இது பரம்பரை அறிவு. புரிகளை ஒரு பக்கம் முறுக்கினால், அவற்றைச் சேர்த்துத் திரிக்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள்; இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று அவிழவிடாமல் பிடித்துக்கொள்ளும். திரியிலும் அதுவே நடந்தது. மருந்தைச் சுற்றி ஓர் அடுக்கு நூல் ஒரு திசையில். அதன்மேல் இன்னோர் அடுக்கு எதிர்த் திசையில். வெட்டினாலும் பிரியாது, வளைத்தாலும் உள்ளே விரிசல் எளிதில் விழாது. அதற்குமேல் தார்ப்பூச்சு, தண்ணீர் நுழையாமலிருக்க. தார் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வெள்ளைத்தூள். பிறகு மலாய்க் காடுகளிலிருந்து குட்டா-பெர்ச்சா என்ற மரப்பால் ஐரோப்பாவுக்கு வந்தபோது அதையும் பூசினார்கள். நீருக்கடியில் பாறை உடைக்கிறவர்களுக்கான திரி கிடைத்தது.

இரண்டாவது இயற்பியல், மருந்தை ஒழுகவிடுகிற புனலில் இருக்கிறது. எனக்கு இந்த இயந்திரத்தில் மிகப் பிடித்த பகுதி இது. புனலில் தண்ணீர் ஊற்றிவைத்தால், நிறைய இருக்கும்போது வேகமாக ஒழுகும்; குறையக் குறைய வேகமும் குறையும். மருந்தும் அப்படி ஒழுகினால் இந்தத் திரி எதற்கும் உதவாது. புனல் நிறைந்திருந்த காலையில் தடித்த நடுவும், காலியாகிற நேரத்தில் மெலிந்த நடுவும் வந்திருக்கும். ஆனால் மணிமணியான பொருள் தண்ணீரைப்போல நடந்துகொள்வதில்லை. மணற்கடிகாரத்தில் மேலே மணல் எவ்வளவு இருந்தாலும் கீழே விழுகிற வேகம் மாறாது. அதனால்தான் அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ள முடிகிறது.

ஏன் மாறாது? மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வளைவுபோல் அமைந்து, தங்கள் பாரத்தைப் பக்கச் சுவர்மேல் சுமத்திவிடுகின்றன. குதிரில் நெல்லைக் கொட்டக் கொட்ட அடித்தரையின் மேலுள்ள அழுத்தம் ஓரளவுக்குமேல் ஏறாமல் நின்றுவிடுவதை ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இல் தானியக் குதிர்களை வைத்து அளந்து காட்டினார். மிச்சப் பாரம் முழுவதும் உராய்வின் வழியாகச் சுவருக்குப் போகிறது. வாயருகே இருக்கிற மணிக்குத் தலைக்குமேல் ஒரு சாண் குவியல் இருக்கிறதா ஒரு முழம் இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. மணி மாறாதவரை, ஒழுகும் அளவைத் தீர்மானிப்பது வாயின் அகலம்தான். அதிலும் அகலத்தை இரட்டிப்பாக்கினால் ஒழுக்கு ஐந்தரை மடங்குக்குமேல் எகிறும். பெவர்லோவும் கூட்டாளிகளும் 1961இல் இதற்கு விதி எழுதினார்கள்.

யான்சனுக்கு 64 ஆண்டுகளுக்கு முன்பே பிக்ஃபோர்டின் புனல் இந்த விதியை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. விதி தெரிந்து அவர் அதை வைக்கவில்லை. ஓடியது, ஒழுங்காக ஓடியது, அதனால் வைத்துக்கொண்டார். தொழில்நுட்ப வரலாற்றில் இது அபூர்வமில்லை. அறிவியல் பல சமயம் பட்டறைக்குப் பின்னால்தான் நடந்து வந்திருக்கிறது.

ஒழுக்கின் வேகம் மாறாது, கயிறு இழுபடுகிற வேகத்தையும் மாறாமல் வைத்தால், ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரே அளவு மருந்து. அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாவது இயற்பியல், தீயினுடையது. கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. கரியும் கந்தகமும் எரிபொருள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் காற்று புகாத கயிற்றுக்குள்ளும் எரியும், தண்ணீருக்குள்ளும் எரியும். எரிந்து முடிந்ததும் மிஞ்சுவதைப் பார்த்தால் ஆச்சரியம். ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபல் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் 1875இல் வெளியிட்ட ஆய்வின்படி, எடையில் ஏறக்குறைய 43 விழுக்காடே வாயுவாகிறது. மிச்சம் 57 விழுக்காடு திடப்பொருள்தான். எரிகிற சூட்டில் அது உருகிய உப்புத் துளிகளாகத் தெறிக்கிறது. அடுத்த மணியைப் பற்றவைப்பதில் இந்தத் துளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைய புகையில்லா மருந்துகளால் இப்படித் திரி செய்ய முடியாமல், பழைய கருமருந்தே இந்த வேலையில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அதே மருந்தை இரண்டு விதமாக வைக்கலாம். நூலில் பூசி, அதைத் தளர்வான காகிதக் குழாய்க்குள் இட்டால், குழாய்க்கும் நூலுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். எரிகிற இடத்தில் பிறக்கும் சூடான வாயுவும் பொறியும் அந்த வெற்றிடத்தின் வழியாக முன்னால் ஓடி, இன்னும் எரியாத பகுதியை முந்திக்கொண்டு பற்றவைக்கும். வெளியில் நிதானமாக எரிகிற அதே திரி, குழாய்க்குள் கண்ணிமைப்பதற்குள் பல அடி தாண்டிவிடும். கோவில் திருவிழா வாணவேடிக்கையில் ஒரு சட்டத்தில் கட்டிய நூறு வாணங்களும் ஒரே நேரத்தில் பூப்பது இந்தச் சூட்சுமத்தால்தான். இறகுக் காம்பில் இடைவெளி விழுந்த இடத்தில் சுரங்கக்காரனைக் கொன்றதும் இதே சூட்சுமம்.

வெற்றிடமே இல்லாமல் மருந்தை இறுக்கி வைத்தால் வாயுவுக்கு முன்னால் ஓட வழி கிடையாது. தீ அடுக்கடுக்காகத்தான் நகர வேண்டும்: ஓர் அடுக்கு எரிந்து அடுத்ததைச் சூடேற்றி, அது பற்றி, அதற்கடுத்ததைச் சூடேற்றி. பிக்ஃபோர்டின் திரி அடிக்கு ஏறக்குறைய 30 வினாடி எடுத்துக்கொண்டது. மூன்றடி வெட்டினால் ஒன்றரை நிமிடம். ஆறடி வெட்டினால் மூன்று. நேரத்தை இனி அளவுகோல் வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஒரு பாறை முகத்தில் ஏழெட்டுத் துளை போட்டிருந்தால், நடுத்துளைக்குக் குட்டைத் திரி, ஓரத்துளைக்கு நீளத் திரி என்று வெட்டி, எது முன்னால் எது பின்னால் என்பதையும் மேஸ்திரி தீர்மானிக்க முடிந்தது. அத்தனையையும் கொளுத்திவிட்டு நிதானமாக நடந்துபோய், தூரத்தில் நின்று வெடிகளை எண்ணுவார்கள். கணக்கில் ஒன்று குறைந்தால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் யாரும் கிட்டே போகக் கூடாது என்பது சுரங்கங்களில் வேரூன்றிய விதி. எத்தனை சீரான திரியாக இருந்தாலும் நமுத்த ஓரிடம் உறங்கி எழலாம் என்பதைத் தொழில் மறக்கவில்லை.

இந்தக் கடிகாரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது காற்றழுத்தத்துக்குக் கட்டுப்பட்டது. அழுத்தம் கூடினால் சுவாலை எரிகிற பரப்போடு நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும். சூடு வேகமாக உள்ளே இறங்கும். மருந்து வேகமாக எரியும். அழுத்தம் குறைந்தால் எல்லாம் நேர்மாறு. ஆழ்நீரில் திரி வேகம் பிடிக்கும், மலை உச்சியில் சோம்பும். சுரங்கத்தில் இந்த வித்தியாசம் பெரிதாக உறைக்காது. முதல் உலகப் போரில் உறைத்தது. விமானங்களைச் சுடுகிற பீரங்கிக் குண்டுகளில், குண்டு உயரத்தில் போய்க் குறித்த வினாடியில் வெடிப்பதற்காக, வளைய வடிவப் பள்ளத்தில் இறுக்கிய மருந்தைத்தான் நேரக் கருவியாக வைத்திருந்தார்கள். தரையில் அளந்து வைத்த நேரம் மேலே பொய்த்தது. உயரத்தின் மெல்லிய காற்றில் மருந்து தாமதமாக எரிந்தது. சில சமயம் அணைந்தே போனது. ஜெர்மானியர்கள் கடைசியில் அந்த இடத்தில் பற்சக்கரம் வைத்த நிஜக் கடிகாரத்தையே பொருத்தினார்கள். அழுத்தத்தோடு வேகமும் மாறுவதால்தான் பொறுப்பான வெடிக்காரர் யாரும் பெட்டிமேல் அச்சிட்ட வேகத்தை நம்பிவிடுவதில்லை. ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, வேலை செய்யும் இடத்திலேயே கொளுத்தி, கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொண்ட பிறகே துளைக்குத் திரி வெட்டுவார்.

டக்கிங்மில்லிலிருந்து திரி உலகெங்கும் போயிற்று, ஆலைகளும் போயின. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பழைய நியூகேட் செப்புச் சுரங்கத்தோடு தொடர்புள்ள ரிச்சர்ட் பேக்கன் என்பவர் 1836இல் பிக்ஃபோர்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார். கூட்டின் வழிவந்த நிறுவனம் சிம்ஸ்பரி என்ற ஊரில் என்சைன்-பிக்ஃபோர்டு என்ற பெயரில் வளர்ந்தது. 1860களில் ஆல்ஃபிரட் நோபல் பாதரச ஃபல்மினேட் அடைத்த சிறு உலோகக் குப்பியைக் கண்டுபிடித்தபோது, அந்தக் குப்பியைக் கிளப்ப அவருக்குக் கைவசம் இருந்தது பிக்ஃபோர்டின் திரிதான். திரியின் நுனியைக் குப்பிக்குள் செருகி, விளிம்பை நெரித்துவிட வேண்டும். நம் கல்குவாரிக்காரர்கள் கேப்பு என்று சொல்வது அந்தக் குப்பியைத்தான். நெரிப்பதற்கென்று தனி இடுக்கி இருந்தும், பல்லால் கடித்து நெரிக்கிற முரட்டுப் பழக்கம் உலகெங்கும் நெடுநாள் இருந்தது. கார்ன்வால் தொடர்பு நம் பக்கமும் உண்டு: கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியபோது, மேற்பார்வைக்கு வந்தவர்கள் கார்ன்வால்காரர்கள். பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்தும் அதையொட்டிய மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள்.

சுரங்கத்தில் சாவு குறைந்தது. முழுவதும் போய்விட்டதா? அதில் ஒரு பங்கு இடம் மாறியது என்பேன். திரி ஆலைகளில் நூற்கண்டுக்கும் புனலுக்கும் அருகில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். நூல் வேலைக்கு விரல் நுணுக்கம் வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். கூலி குறைவு என்பதும் காரணம்தான். 1859இல் சிம்ஸ்பரி ஆலையில் தீப்பிடித்து வெடித்ததில் எட்டுப் பெண்கள் இறந்தார்கள். டக்கிங்மில் ஆலையும் தீக்குத் தப்பவில்லை. சுரங்கத்தில் ஒருவன் கண் போனதைப் பார்த்து இரங்கிச் செய்த இயந்திரம், அந்த இரக்கத்துக்கான செலவில் ஒரு பகுதியை இவர்கள் கணக்கில் எழுதியது. பிக்ஃபோர்டைப் புகழ்கிற எழுத்துகளில் இந்தப் பெண்களுக்குக் கிடைக்கிற இடம் மிகக் குறைவு.

இந்த விபத்துகளுக்கான காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முடிந்த திரி ஒரு முனையில் சுருளாகச் சேர்கிறது. இன்னொரு முனை, முறுக்கு விழுகிற இடத்தில், நேராகப் புனலின் வாயில் முடிகிறது. அதாவது, இயந்திரம் ஓடுகிற ஒவ்வொரு நொடியும், அது தன் சொந்த மருந்துக் கிடங்குக்கே ஒரு திரியைப் பொருத்தி வைத்திருக்கிறது. சுருளில் எங்கேயாவது ஒரு பொறி விழுந்தால், அடிக்கு 30 வினாடி என்ற அதே ஒழுக்கத்தோடு அது புனலை நோக்கி நடந்து வரும். நூல் ஓடுவதால் எழும் உராய்வு, உலர்ந்த நாளில் நாரில் சேருகிற நிலைமின்சாரம், காற்றில் மிதந்து உத்தரத்தில் படிகிற நுண்தூள் என்று பொறிக்குத் தாய்வீடு பல. வெடிமருந்துத் தொழிலின் கட்டுப்பாடுகள் பல இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து எழுந்தவையே: ஓர் அறையில் கொஞ்சம் மருந்து, கொஞ்சம் ஆள், அறைக்கும் அறைக்கும் கனத்த சுவர், உரசினால் பொறி பறக்கிற இரும்பு எங்கும் கூடாது.

இன்றும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாணவேடிக்கைப் பித்துப்பிடித்த சிலர் தங்கள் வண்டிக்கொட்டகையில் இப்படிப்பட்ட இயந்திரத்தைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள். தையல் இயந்திரக் கண்டுகளும் பழைய மின்மோட்டாரும் சேர்த்து அவர்கள் நூல் சுற்றவைக்கிற சாமர்த்தியத்தைப் பார்த்தால் எவருக்கும் கை துறுதுறுக்கும். முறுக்கு, எதிர்முறுக்கு, இழுவேகம் மூன்றையும் ஒத்துப்போகச் செய்வது அருமையான பொறியியல் பயிற்சிதான். அதை வெறும் கயிற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. புனலில் மருந்து விழுந்த கணத்தில் அந்தக் கொட்டகை, எட்டுப் பேர் இறந்த அறையின் வகையைச் சேர்ந்ததாகிவிடுகிறது. கனத்த சுவர் மட்டும் இல்லை. இந்தியாவில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைச் செய்வது குற்றமும்கூட.

டக்கிங்மில் ஆலை 1961இல் மூடப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே மின்சாரத்தால் கிளப்புகிற கேப்புகள் பெரிய சுரங்கங்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு ஸ்வீடனிலிருந்து நெகிழிக் குழாய் ஒன்று வந்தது. உள்சுவரில் பொடிபோல மிக மெல்லிய வெடிபொருள் பூச்சு, நடுவெல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் அதிர்வலை நொடிக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பிக்ஃபோர்டு ஒழித்துக்கட்டிய இடைவெளியை இவர்கள் வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்தார்கள்; இப்போது தேவைப்பட்டது வேகம், தாமதம் இல்லை. தாமதம் முழுவதும் துளையின் அடியில், கேப்புக்குள் போய் ஒடுங்கிவிட்டது. அங்கே விரற்கடை நீளமுள்ள உலோகக் குழாயில், மெதுவாக எரிகிற கலவையை வெற்றிடமே இல்லாமல் அழுத்தி வைத்திருக்கிறார்கள். குழாயின் நீளத்தை மாற்றினால் தாமதம் மாறும். அதிலும் வினாடியின் சிறு பகுதி முன்பின் ஆகிறது என்பதால், துல்லியம் வேண்டிய குவாரிகளில் இப்போது மின்னணுச் சில்லு வைத்த கேப்புகளை இறக்குகிறார்கள். அவற்றின் விலை அதிகம். அதனால் மருந்துக் கடிகாரத்துக்கு இன்னும் வேலை போகவில்லை.